செலவாகாத பணம் மிச்சம் இல்லை: விளம்பரத்தின் வேகத்தைக் கவனிப்பது எப்படி?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் பேசப் போறேன்: பேசிங். பேசுறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. ஆன்லைன் விளம்பர வேலையில் இருக்கிறவங்க காதில் தினமும் விழுகிற வார்த்தை இது. மத்தவங்களுக்காகச் சுருக்கமா சொல்றேன். 20 நாளைக்கு ஒரு விளம்பரம் ஓடணும், அதுக்கு இவ்வளவு பணம்னு ஒதுக்கியிருக்கோம். அந்தப் பணம் நாம நினைச்ச வேகத்தில் போகுதா? பாதி வழியிலேயே தீர்ந்துடுமா? இல்லை, கடைசி நாள் வரைக்கும் பாதிப் பணம் அப்படியே கிடக்குமா? இதைக் கவனிக்கிறதுதான் பேசிங்.

கேட்கும்போது கணக்குப்பிள்ளை வேலை மாதிரி இருக்கும். ஆனால் ஒரு சின்னக் கடைக்காரரின் சீசனே இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. அதனால்தான் இதுக்கு ஒரு முழு எபிசோட்.

ஷட்டரும் கடைமடையும்

நான் இப்போது கச்சிராயபாளையத்திலிருந்து வேலை செய்கிறேன். கள்ளக்குறிச்சி மாவட்டம். மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை. ஊர்ப் பக்கத்திலேயே கோமுகி அணை. சென்னை ஏஜென்சியில் இருந்தபோது பேசிங் என்றால் எனக்கு எக்செல் ஷீட்தான் ஞாபகம் வரும். இங்கே வந்த பிறகு அணைதான் ஞாபகம் வருது.

கோமுகி அணையின் மொத்த உயரம் 46 அடி. பெரிய அணை இல்லை. மலையில் மழை பெய்தால் நிறையும். நிறைந்த தண்ணீரை ஒரே நாளில் திறந்துவிட்டால் வயலுக்குப் பயன் இல்லை, ஆற்றோடு போய்விடும். திறக்காமலே வைத்திருந்தால் நடவு போய்விடும். அதனால் இத்தனை நாளைக்கு, இவ்வளவு அளவு என்று கணக்குப் போட்டுத்தான் ஷட்டரைத் தூக்குவார்கள். உங்க விளம்பர பட்ஜெட்டும் அணைத் தண்ணீர் மாதிரிதான். பேசிங் என்பது அந்த ஷட்டர்.

ஆனால் விவசாயிக்கு ஷட்டர் திறந்திருக்கிறதா என்பது மட்டும் கேள்வி இல்லை. அவர் கேட்பது வேறு: "கடைமடைக்குத் தண்ணி வந்துச்சா?" வாய்க்காலின் கடைசியில் இருக்கிற வயல்தான் கடைமடை. நடுவில் எங்கேயோ கரை உடைஞ்சிருக்கலாம், குப்பை அடைச்சிருக்கலாம். அணையில் நின்று பார்த்தால் எல்லாம் சரியாத்தான் தெரியும். கடைமடையில் நிற்கிறவருக்குத்தான் உண்மை தெரியும். இந்த இரண்டு இடத்தையும் மனசில் வச்சுக்கோங்க, கடைசி வரைக்கும் உதவும்.

மெஷின் பார்த்துக்காதா?

நியாயமான கேள்வி. கூகுள் ஆட்ஸ், மெட்டா எல்லாமே பட்ஜெட்டைத் தானாகவே நாள் முழுக்கப் பரப்பிச் செலவு செய்யும். அப்புறம் நாம் எதுக்குப் பார்க்கணும்?

முதலில் மெஷின் என்ன செய்கிறது என்று பார்ப்போம். நீங்க இன்ஸ்டாகிராமில் ஒரு விளம்பரம் பார்க்கிறீங்கன்னா, அந்த ஒரு இடத்துக்கு அந்த நொடியில் ஓர் ஏலம் நடந்து முடிந்திருக்கிறது. ஒரு நாளைக்கு இப்படி எண்ணற்ற ஏலங்கள். எல்லா ஏலத்திலும் உங்க விளம்பரம் கலந்துகொண்டால் காலை 9 மணிக்கே அன்றைய பணம் காலியாகிவிடும். 2014-ல் லிங்க்ட்இன் நிறுவனத்தைச் சேர்ந்த தீபக் அகர்வால் குழுவினர் இதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அந்த முறை எளிமையானது. இந்த விளம்பரத்துக்கு உரிய ஆட்கள் இன்று எந்த நேரத்தில் எவ்வளவு பேர் வருவார்கள் என்று முன்கூட்டியே ஒரு கணிப்பு போடுவது. செலவு அந்தக் கணிப்புக்கு முன்னால் ஓடினால் ஏலத்தில் கலந்துகொள்ளும் வாய்ப்பைக் கொஞ்சம் குறைப்பது, பின்தங்கினால் கொஞ்சம் கூட்டுவது. ஷட்டரை ஒரு விரல் அளவு ஏற்றி இறக்குற மாதிரி. இன்னொரு வழி, ஏலத்தில் கேட்கும் விலையையே ஏற்றி இறக்குவது.

ஆக, மெஷின் புத்திசாலிதான். ஆனால் அது கொடுக்கிற வாக்குறுதியைக் கவனமா படிச்சுப் பாருங்க. கூகுள் ஆட்ஸில் ஒரு நாள் சராசரி பட்ஜெட் 1,000 ரூபாய் என்று வைத்தால், பெரும்பாலான கேம்பெயின்களில் ஒரு குறிப்பிட்ட நாளில் 2,000 வரைகூடப் போகலாம். ஆனால் மாதத்துக்கு 30,400 ரூபாயைத் தாண்டாது. 365 நாளை 12 மாதத்தால் வகுத்தால் வருகிற 30.4 தான் அந்தக் கணக்கு. மெட்டாவில் தினசரி பட்ஜெட் 1,000 என்றால் சில நாள் 1,750 வரை போகலாம், வாரத்துக்கு 7,000-ஐத் தாண்டாது.

இதில் என்ன இருக்கு, என்ன இல்லை? இவ்வளவுக்கு மேல் போகாது என்று இருக்கிறது. இவ்வளவாவது போகும் என்று எங்கேயும் இல்லை. மேலே கூரை இருக்கு, கீழே தரை இல்லை. அதிகமாகச் செலவாகாமல் காப்பது மெஷினின் வேலை. செலவாகாமல் கிடந்தால் அதுக்குக் கவலை இல்லை, அலாரம் அடிக்காது. அந்தக் காலி இடத்தில் ஒரு மனுஷன் உட்காரணும்.

இதில் இன்னொரு பாடமும் இருக்கு. ஒரு நாள் செலவு எகிறினதும் பதறி விளம்பரத்தை நிறுத்தாதீங்க. 1,000 வைத்த இடத்தில் 1,600 போனால் அது கோளாறு இல்லை, விதியிலேயே இருக்கிற விஷயம். ஒரு நாளைப் பார்க்காமல் 3 நாள் சேர்த்துப் பாருங்க.

"மிச்சம்தானே தம்பி?"

இனி ஒரு நிஜக் கணக்கு. கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாகை, தேக்கு மாதிரி மரங்களில் சாமி சிலைகள், கதவுகள், பூஜை மண்டபங்கள் செய்யும் பட்டறைகள் இந்தப் பக்கம் நிறைய உண்டு. அதில் ஒருவருக்கு நான் விளம்பரம் பார்த்துக் கொடுத்தேன். மார்கழியில் 20 நாள் ஓட்டணும். தை பிறந்தால் கிரகப்பிரவேசம் வரிசையாக வரும். சென்னை, கோவை, பெங்களூரில் புது வீடு கட்டுறவங்க பூஜை மண்டபத்துக்கு வாட்ஸ்அப்பில் விசாரிக்கணும். இதுதான் நோக்கம். ஒதுக்கிய பணம் 30,000 ரூபாய். அடுத்த லோடு மரம் வாங்க வைத்திருந்த பணம் அது.

முதல் கணக்கு இங்கேயே தப்பும், கவனிங்க. 30,000-ஐ 20 நாளால் வகுத்து, நாளைக்கு 1,500 என்று சொல்லத் தோணும். ஆனால் இந்தியாவில் முன்பணம் போட்டு ஓட்டுகிற கணக்கில் 18% ஜிஎஸ்டி அந்தப் பணத்திலேயே பிடிக்கப்படும். 30,000-ஐ 1.18 ஆல் வகுத்தால் 25,424. விளம்பரத்துக்குப் போவது அதுதான். நாளைக்கு 1,271 ரூபாய். 1,500 என்று நினைத்துக்கொண்டு ஓட்டினால் 17-ஆம் நாளே தண்ணீர் நின்றுவிடும். சீசனின் கடைசி 3 நாள் போச்சு.

அந்த அண்ணன் ஒரு நிபந்தனை போட்டார். "ஒரு ஆள் விசாரிக்கிறதுக்கு 40 ரூபாய்க்கு மேல தரக் கூடாது தம்பி." சரி, அந்த வரம்பையே வைத்து ஆரம்பிப்போம், 4-ஆம் நாள் இரவு உட்கார்ந்து பார்ப்போம் என்று பேசிக்கொண்டோம்.

4 நாளில் எவ்வளவு போயிருக்கணும்? மொத்தப் பணத்தை 20-ஆல் வகுத்து 4-ஆல் பெருக்கணும். 5,085 ரூபாய். போனது 3,050. இரண்டையும் வகுத்தால் 60%. இந்த ஒரு எண்தான் பேசிங் சதவீதம். 100-க்குப் பக்கத்தில் இருந்தால் வண்டி சரியா ஓடுது. 60 என்றால் எங்கேயோ அடைப்பு.

நான் சொன்னதும் அவர் கேட்டார்: "நல்லதுதானே? மிச்சம்தானே தம்பி?"

"அண்ணே, மரம் வாங்க ஆள் அனுப்புறீங்க. கையில் பணம் கொடுத்து, கன அடிக்கு இவ்வளவுக்கு மேல தராதேன்னு சொல்லி அனுப்புறீங்க. சாயங்காலம் அவன் பணத்தோட வெறுங்கையா திரும்பி வர்றான். அது மிச்சமா?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "மரம் வரலையே."

விஷயம் அவ்வளவுதான். ஏலத்தில் 40 ரூபாய்க்கு மேல் கேட்க மாட்டேன் என்று நின்றால், 40-க்குக் கிடைக்கிற ஆட்கள் மட்டும்தான் வருவார்கள். அதிலும் அன்றைக்கு வேறு பெரிய கம்பெனிகள் அதிக விலை கேட்டால் உங்க விளம்பரம் வெளியே நிற்கும். பணம் உள்ளேயே கிடக்கும். தை மாசம் மட்டும் யாருக்காகவும் நிற்காது. செலவாகாத பணம் அக்கவுன்ட்டில் திரும்பக் கிடைக்கலாம், செலவாகாத நாள் திரும்பக் கிடைக்காது.

வரம்பை ஒரே தடவையில் தூக்கவில்லை. முதலில் 50, இரண்டு நாள் கழித்து 60. வேகம் சரியாச்சு.

தாமதத்தின் விலை

இப்போ அதே 60%-ஐ வேறு வேறு நாளில் கண்டுபிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்ப்போம். இதுதான் இந்த எபிசோடின் இதயம், பேனா இருந்தால் எழுதிக்கோங்க.

4-ஆம் நாள் கண்டுபிடித்தால்: மீதி 22,374 ரூபாய், மீதி 16 நாள். இனி நாளைக்கு 1,398 போகணும். திட்டமிட்டதைவிட 10% தான் அதிகம். சுலபம்.

12-ஆம் நாள் கண்டுபிடித்தால்: மீதி சுமார் 16,270, மீதி 8 நாள். நாளைக்கு 2,034. திட்டத்தைவிட 60% அதிகம். மூச்சு வாங்கும்.

16-ஆம் நாள் கண்டுபிடித்தால்: மீதி சுமார் 13,220, மீதி 4 நாள். நாளைக்கு 3,305. திட்டத்தைப் போல 2.6 மடங்கு. இதைச் செலவு பண்ண முடியும். ஆனால் யாரிடம்? அதே ஆட்களுக்கே திரும்பத் திரும்பக் காட்டி, ஏலத்தில் கண்ணை மூடி விலை ஏற்றி.

இன்னொரு சிக்கலும் இருக்கு. மெட்டாவில் 'லேர்னிங் ஃபேஸ்' என்று ஒன்று உண்டு. பெரிய மாற்றம் எதுவும் செய்தால், அதன் பிறகு ஒரு வாரத்தில் சுமார் 50 விசாரணையோ விற்பனையோ வரும்வரை மெஷின் மறுபடி தடவித் தடவித்தான் ஆள் தேடும். பட்ஜெட்டைத் திடீரென்று 2 மடங்கு, 3 மடங்கு தூக்கினால் அந்தப் பாடம் முதலிலிருந்து தொடங்கலாம். கடைசி 4 நாளில் பாடம் படிக்க ஆரம்பித்தால் பரீட்சை எப்போ எழுதுறது?

ஏஜென்சியில் வேலை பார்க்கிறவங்களுக்கு இது பழகின காட்சி. மாதம் 26-ஆம் தேதி ஒரு மெயில் வரும்: "பட்ஜெட் இன்னும் பாக்கி இருக்கே, 30-க்குள்ள முடிச்சுடுங்க." முடிச்சுடுவாங்க. ரிப்போர்ட்டில் பேசிங் 100% என்று பச்சையா தெரியும். அது வயலுக்குப் பாய்ந்த தண்ணீர் இல்லை, கடைசி நாள் ஷட்டரைத் திறந்து ஆற்றில் விட்ட தண்ணீர். அதனால் மாதக் கடைசியில் பேசிங் எவ்வளவு என்று கேட்பதைவிட, 4-ஆம் நாள் எவ்வளவு என்று கேளுங்கள்.

எங்கே அடைத்திருக்கிறது?

சரி, 60% என்று தெரிஞ்சாச்சு. அடைப்பு எங்கேன்னு எப்படிக் கண்டுபிடிப்பது? அணையிலிருந்து வாய்க்கால் ஓரமாகவே நடந்து போற மாதிரி, வரிசையா போகணும்.

முதல் இடம், ஷட்டர். விளம்பரம் யாருக்குமே தெரியவில்லை, எண்ணிக்கை பூஜ்யம் என்றால் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்று: விளம்பரத்துக்கு இன்னும் ஒப்புதல் வரவில்லை, தேதி தப்பு, அல்லது பணம் ஏறவில்லை. ஒப்புதல் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வந்துவிடும் என்று இரண்டு பெரிய தளங்களுமே சொல்கின்றன. ஆனாலும் நான் விளம்பரத்தை இரண்டு நாள் முன்னாடியே கொடுத்துவிடுவேன். பண்டிகை நேரத்தில் மறுக்கப்பட்டால் திருத்தி அனுப்ப அவகாசம் வேணும்.

பணம் ஏறாத கதைக்கு நம்ம ஊர்க் காரணம் ஒன்று உண்டு. கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் 1 முதல் புது விதியைக் கொண்டுவந்தது. ஒரு வரம்புக்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும். அந்த வரம்பு முதலில் 5,000 ரூபாய், 2022 ஜூனில் 15,000 ஆனது. வாடிக்கையாளருக்கு அது பாதுகாப்பு. விளம்பரம் ஓட்டுகிறவருக்கு, பணம் எடுக்க முடியாமல் இரவோடு இரவாக விளம்பரம் நிற்கிற வாய்ப்பு. கார்டு யார் பெயரில், ஓடிபி யார் போனுக்கு வரும், அவர் சனி ஞாயிறு போன் எடுப்பாரா? இதெல்லாமும் பேசிங்தான்.

இரண்டாவது இடம், வாய்க்காலின் அகலம். விளம்பரம் தெரியுது, ஆனால் கொஞ்சம் பேருக்குத்தான். இதுக்கு இரண்டு காரணம் இருக்கும். விலை வரம்பு, அதாவது மண்டபக்காரர் கதை. இல்லைன்னா ஆட்களின் வட்டம் சின்னது.

இதுக்கு எங்க ஊரிலேயே அழகான உதாரணம் இருக்கு. இங்கே ஒரு தையல் பயிற்சி மையம் 25 கிலோமீட்டர் சுற்றளவுக்கு விளம்பரம் கேட்டது. மேப்பில் கச்சிராயபாளையத்தில் ஊசி குத்தி வட்டம் போட்டால் பார்க்கப் பெருசா இருக்கும். ஆனால் வட்டத்தின் மேற்குப் பக்கம் முழுக்க கல்வராயன் மலையும் காடும். மலைக் கிராமங்கள் ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கு, பல இடத்தில் சிக்னலும் சரியா கிடைக்காது. வட்டத்தில் இடம் இருக்கு, ஆள் இல்லை. சென்னை மெரினாவில் ஊசி குத்தி அதே வட்டம் போட்டால் பாதி கடல். அங்கே கடல், இங்கே மலை, அவ்வளவுதான் வித்தியாசம். 2-ஆம் நாளே செலவு மந்தமா இருந்ததைப் பார்த்து, வட்டத்தை விட்டுவிட்டுக் கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் என்று ஊர் பெயராகவே சேர்த்தோம். சரியாகிவிட்டது.

மூன்றாவது இடம், நேரம். மதியம் 12 மணிக்குப் பார்த்துவிட்டு, பாதி நாள் போச்சு, பாதிப் பணம் போகலையே என்று பதறாதீங்க. மக்கள் போனை எடுப்பது எல்லா நேரத்திலும் ஒரே மாதிரி இல்லை. சாப்பிட்டுப் படுக்கப் போகிற நேரத்தில் கூட்டம் கூடும். இன்றைய மதியத்தை நேற்றைய மதியத்தோடு ஒப்பிடுங்க. டேஷ்போர்டில் தெரிகிற எண்ணும் சில மணி நேரம் பின்தங்கியிருக்கும். கணக்கின் டைம் சோனையும் பாருங்க. யாரோ அமெரிக்க மேற்குக் கடற்கரை நேரத்தை வைத்துவிட்டுப் போயிருந்தால், கோடைக்காலத்தில் உங்க "புது நாள்" நம்ம ஊர் மதியம் 12.30-க்குத்தான் பிறக்கும்.

சில நாள் அடைப்பு உங்க பக்கமே இருக்காது. 2021 அக்டோபர் 4 இரவு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒன்றாக விழுந்தது ஞாபகம் இருக்கும். நம்ம நேரத்துக்கு இரவு 9 மணிக்கு மேல் ஆரம்பித்து சுமார் 6 மணி நேரம். அன்றைய முக்கியமான நேரமே போச்சு. அதுக்கு நேர் எதிரானதும் நடந்திருக்கு. 2023 ஏப்ரல் 23, ஞாயிற்றுக்கிழமை, மெட்டாவின் விளம்பர அமைப்பில் ஒரு தொழில்நுட்பக் கோளாறு. பல விளம்பரதாரர்களின் நாள் பட்ஜெட் சில மணி நேரத்தில், வழக்கத்தைவிட ரொம்ப அதிக விலையில் காலியானது. கோளாறைச் சரிசெய்துவிட்டதாக நிறுவனம் பிறகு சொன்னது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் எட்டிப் பார்த்திருந்தால்தானே நிறுத்தியிருக்க முடியும்?

100% காட்டும்போதும்

இப்போ கடைமடைக்கு வருவோம். மண்டபக்கார அண்ணன் கதையில் இரண்டாம் பாகம் இருக்கு.

வரம்பைத் தூக்கிய பிறகு எல்லாம் சரி. 9-ஆம் நாள் பேசிங் 98%. ரிப்போர்ட் மட்டும் பார்க்கிறவர் நிம்மதியா தூங்கப் போயிருப்பார். எனக்கு ஒரு பழக்கம் உண்டு, தினமும் சாயங்காலம் ஒரு போன் பண்ணுவேன்.

"அண்ணே, இன்னைக்கு எத்தனை பேர் கேட்டாங்க?"

"ஒருத்தரும் கேக்கலையே தம்பி. சீசன் அவ்வளவுதானோ என்னவோ."

ஆனால் டேஷ்போர்டில் அன்றைக்கு 11 பேர் வாட்ஸ்அப் உரையாடல் தொடங்கியதாகக் காட்டுது. 11 எங்கே, பூஜ்யம் எங்கே? விசாரித்தால், பட்டறை போன் காலையில் தண்ணீரில் விழுந்து ரிப்பேருக்குப் போயிருக்கு. அவர் கையில் இருந்தது வீட்டு நம்பர். அதில் யார் வருவார்கள்? பணம் சரியான வேகத்தில் போய்க்கொண்டிருந்தது, 11 பேர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள், உள்ளே ஆள் இல்லை. அன்று இரவே வேறு போனில் அந்த நம்பரை ஏற்றி, ஒவ்வொருவருக்கும் பதில் போட்டோம். 5 நாள் கழித்துத் தெரிந்திருந்தால் அத்தனை பேரும் வேறு கடைக்குப் போயிருப்பார்கள். அண்ணனும் "சீசன் மந்தம்" என்றே நம்பியிருப்பார். அதுதான் எனக்குப் பயமான விஷயம். இந்த மாதிரிக் கோளாறு கோளாறாகத் தெரியாது, தலையெழுத்தாகத் தெரியும்.

பழைய விளம்பரத்தில் இந்தச் சிக்கல் குறைவு. பேப்பரில் விளம்பரம் கொடுத்தால் மறுநாள் காலை டீக்கடையில் பார்க்கலாம், வவுச்சர் காப்பியும் வரும். மைக் செட் கட்டின ஆட்டோவை அனுப்பினால் தெருவில் சத்தம் கேட்குதா இல்லையா என்று வீட்டிலிருந்தே தெரியும். ஆன்லைன் விளம்பரம் ஓடுவது கொடுத்தவர் கண்ணுக்குத் தெரியாது. சென்னையில் இருக்கிற யாரோ ஒருவரின் போனில் ஓடும். அதனால் எண்ணைத்தான் கண்ணா வச்சுக்கணும். எண்ணோடு கடைமடைக்காரரின் குரலையும் சேர்த்துக்கணும்.

தினமும் 5 நிமிடம்

கடைசியா, நான் செய்கிறதை அப்படியே சொல்லிடறேன். பெரிய சாஃப்ட்வேர் வேண்டாம், ஒரு ஷீட் போதும், நோட்டுப் புத்தகமும் போதும்.

காலையில் மூன்று எண் எழுதுவேன்: நேற்று வரை போயிருக்க வேண்டிய பணம், நிஜமா போன பணம், இரண்டையும் வகுத்த சதவீதம். எல்லா நாளும் ஒரே எடை இல்லை என்றால் அதையும் முதலிலேயே திட்டத்தில் எழுதிவிடுவேன். சனி ஞாயிறு அதிகம் வேண்டும் என்றால் அந்த நாளுக்குக் கூடுதல் பங்கு. இல்லைன்னா ஒவ்வொரு திங்கட்கிழமையும் பொய் அலாரம் அடிக்கும்.

85-க்கும் 115-க்கும் நடுவில் இருந்தால் கை வைக்க மாட்டேன். இந்த எல்லை என் அனுபவத்தில் வைத்தது, உங்க தொழிலுக்கு மாறலாம். வெளியே போனால் ஷட்டர், வாய்க்கால், நேரம் என்று மேலே சொன்ன வரிசையில் நடந்து பார்ப்பேன். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். இரண்டு திருகை ஒன்றாகத் திருகினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

முதல் 3 நாள் மட்டும் காலை, இரவு என்று இரண்டு தடவை பார்ப்பேன். புது வாய்க்காலில் முதல் தண்ணீர் விடும்போதுதானே மண்வெட்டியோடு கூடவே நடப்பாங்க. அதன் பிறகு ஒரு தடவை போதும். நான் பார்க்க முடியாத நாளுக்கு ஆட்டோமேட்டட் ரூல்ஸ் போட்டு வைப்பேன். இந்த வசதி கூகுளிலும் மெட்டாவிலும் இலவசமாகவே இருக்கு. செலவு இவ்வளவைத் தாண்டினால் நிறுத்து, குறைந்தால் மெயில் அனுப்பு என்று சொல்லி வைக்கலாம். பெரும்பாலும் எல்லோரும் முதல் பாதியை மட்டும்தான் போடுவாங்க. இரண்டாவது பாதியை மறக்காதீங்க, தரை இல்லாத பக்கம் அதுதான்.

சாயங்காலம் ஒரு போன் அல்லது ஒரு மெசேஜ்: "இன்னைக்கு எத்தனை பேர்?" அந்த எண்ணை ஷீட்டில் நாலாவது கட்டத்தில் எழுதுவேன். பணத்தின் வேகமும் விசாரணையின் வேகமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், இரண்டும் பிரிகிற நாள் கண்ணில் குத்தும்.

ஒன்றைத் தெளிவா சொல்லணும். பேசிங் சரியா இருந்தால் வியாபாரம் வந்துவிடும் என்று அர்த்தம் இல்லை. பொருள் சரியில்லை, விலை சரியில்லை என்றால் எந்த ஷட்டரும் காப்பாற்றாது. ஆனால் பேசிங் சரியில்லை என்றால், பொருள் நல்லதா கெட்டதா என்றே தெரியாமல் சீசன் முடிஞ்சுடும். அந்த அண்ணனுக்குத் தெரிய வேண்டியது அதுதான்: தன் மண்டபத்தை ஊர் வேண்டாம் என்று சொல்லிச்சா, இல்லை, ஊர் பார்க்கவே இல்லையா? இரண்டும் ஒன்றில்லை.

உங்க அக்காவோ மாமாவோ நண்பனோ ஒரு சின்னக் கடைக்கு விளம்பரம் ஓட்டிக்கிட்டு இருந்தா, இன்னைக்கே போன் பண்ணி இரண்டு கேள்வி கேளுங்க. எத்தனையாவது நாள்? எவ்வளவு போயிருக்கு? பதில் சொல்லத் தெரியலைன்னா, கூட உட்கார்ந்து அந்த மூன்று எண்ணை எழுதிக் கொடுங்க.